பாட்டிச் சதுரம்

கைவேலையைக் காதால் கற்பித்தல் எளிதன்று. சமையற் குறிப்பை வானொலியிற் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பாட்டைக் கேட்டுப் பாடமாக்கலாம். ஆனால் ஊசியும் நூலும் எந்த விரலிடையே எவ்வாறு ஓடுகின்றன என்பதைச் சொற்களால் விளக்கப் புகுவோர் பெரும்பாலும் பாதி வழியிலேயே திகைத்து நின்றுவிடுவர். ஆயினும், குறோசேப் பின்னலின் வகைகளுள் ஒன்று மட்டும் செவிவழிக் கல்விக்கு நன்கு இடங்கொடுக்கின்றது. ஆங்கிலத்தில் 'கிரானி ஸ்குவெயர்' எனப்படும் அதனைத் தமிழிற் பாட்டிச் சதுரம் என்று சொல்லலாம். அதனை ஓர் உருவப் படமாக மனத்திற் கொள்ளவேண்டியதில்லை. இரண்டொரு விதிகளாகக் கொண்டால் போதும். விதியைப் பிடித்துக்கொண்டவர் படத்தைப் பாராமலே பின்னிவிடுவார். படத்தை மட்டும் பார்த்துப் பின்னுபவரோ, மூன்றாஞ் சுற்றில் எங்கே நிற்கின்றார் என்று அறியாது பக்கத்து வீட்டுக்குப் போய் உதவி கேட்பார்.

குறோசே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். முனையிற் கொக்கி போல வளைந்த ஓர் ஊசியால் நூலை இழுத்து இழுத்துக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் செல்வதே இந்தப் பின்னல். இலங்கைத் தமிழர் வீடுகளில் மூத்தோர் இதனையும் பொதுப்பட 'ரேந்தை பின்னுதல்' என்றே சொல்வதுண்டு. ரேந்தை என்பது போத்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று. காலி, வெலிகமைக் கரையோரங்களிற் சிங்களப் பெண்கள் இன்றும் பின்னும் 'பீரளு' ரேந்தையும் அந்தக் காலத்தோடு தொடர்புடையதே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. பீரளு வேலைக்கு ஒரு திண்டும், நூல் சுற்றிய மரக்கட்டைகள் பலவும், குண்டூசிக் கூட்டமும் வேண்டும். அவற்றை வைத்து உட்கார ஓரிடமும் வேண்டும். குறோசேக்கு ஓர் ஊசியும் ஒரு நூற்பந்தும் போதும். பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையிலும் அதனைக் கையில் எடுக்கலாம். பேருந்து வந்ததும் பையினுள் இடலாம். ஒரு காலத்திற் கதிரையின் முதுகு, மேசையின் மேற்புறம், தண்ணீர்க் குடுவையின் வாய் ஆகியவற்றோடு வானொலிப் பெட்டியின் தலைமேலும் ரேந்தைத் துணி விரிக்கப்பட்டிருந்ததை முதிய நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

புதிதாகக் கற்பவர் முதலிற் செய்யும் தவறு, ஆசையினால் மிக மெல்லிய நூலை வாங்கிவிடுவது. மேசைவிரிப்புக்குரிய வெள்ளைப் பருத்தி நூலும், அதற்கேற்ற மெல்லிய உருக்கு ஊசியும் தேர்ந்த கைக்கே உரியவை. தொடங்குபவருக்கு நடுத்தரத் தடிப்புள்ள நூலும் 4 மில்லிமீற்றர் ஊசியும் பொருந்தும். நூற்பந்தைச் சுற்றியுள்ள தாளிலே எந்த அளவு ஊசி ஏற்றது என்று அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் படித்துவிட்டே காசு கொடுத்தல் நன்று. நிறமும் கவனிக்கத்தக்கது. கறுப்பு நூலிற் கண்ணி எது, இடைவெளி எது என்று புதியவரின் கண்ணுக்குப் புலப்படாது. மஞ்சள், இளநீலம், பாலேட்டு நிறம் போன்றவை முதற் பாடத்துக்கு உகந்தன. நுவரெலியாவின் குளிருக்குக் கம்பளி நூல் சுகமளிக்கும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பருத்தி நூலே உடம்புக்கு இதமானது. கடைகளில் மலிவாகக் கிடைப்பது அக்றிலிக் நூல்; பழகுவதற்கு அது போதும். ஆனால் சூடான அழுத்தியை அதன்மேல் வைத்தல் ஆகாது. வைத்தால் அது உருகித் தட்டையாகிவிடும். மீண்டும் பழைய நிலைக்கு வராது.

வீடுகளில் இந்தக் கல்வி பெரும்பாலும் அம்மம்மாவிடமிருந்து பேத்திக்கே செல்கின்றது. விடுமுறை நாளொன்றில் திண்ணையில் அமர்ந்து ஊசியைக் கையிலெடுத்த சிறுமி, "அம்மம்மா, சதுரம் எப்போது வரும்?" என்று அவசரப்படுவாள். "முதலில் ஒரு முழம் சங்கிலி போடு பிள்ளை, பிறகு சதுரத்தைப் பார்ப்போம்" என்பார் அம்மம்மா. இந்த விடையிலே கற்பித்தல் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. நூலில் ஒரு சுருக்குமுடிச்சு இட்டு அதனை ஊசியில் ஏற்றவேண்டும். பந்திலிருந்து வரும் நூல் இடக்கைச் சுட்டுவிரலின்மேல் ஓடட்டும். ஊசியின் கொக்கியால் அந்த நூலைப் பற்றி, ஏற்கெனவே ஊசியிலிருக்கும் கண்ணியூடாக இழுத்துவிட்டால் ஒரு சங்கிலிக் கண்ணி ஆயிற்று. அவ்வாறே மீண்டும் மீண்டும் இழுக்கச் சங்கிலி நீளும். புதியவரின் சங்கிலி முதலில் இறுகியிருக்கும். அச்சத்தினால் விரல்கள் நூலை நெரிக்கின்றன. ஊசி கண்ணிக்குள் நுழைய மறுத்தால் விரல்களையே தளர்த்தவேண்டும். ஊசியை மாற்றுதல் மருந்தாகாது. ஊசியைப் பென்சில் போலப் பிடிப்பதா, கத்தி போலப் பிடிப்பதா என்று சிலர் வாதிடுவதுண்டு. அது வீண் வாதம். எப்படிப் பிடித்தாற் கை வலியாதோ அப்படிப் பிடிக்கலாம்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளை வலக்கையாற் பின்னும்படி வற்புறுத்துவது பல வகுப்பறைகளில் நடந்த கொடுமை. அத்தகைய பிள்ளையை ஆசிரியருக்குப் பக்கத்தில் இருத்தாமல் நேரெதிரே இருத்தினால், கண்ணாடியிற் பார்ப்பதுபோல ஆசிரியரின் வலக்கை அசைவைத் தன் இடக்கையாற் பின்பற்றிவிடும். சதுரம் எதிர்த்திசையிற் சுழன்று வளரும் என்பதைத் தவிர வேறொரு குறையும் அதிற் காணப்படாது.

சங்கிலி சீர்ப்பட்டபின் கற்கவேண்டியது நெடுங்கண்ணி. இதனை ஆங்கில வழக்கில் 'ட்ரெபிள்' என்பர். ஊசியின்மேல் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு, பின்னவேண்டிய இடைவெளிக்குள் ஊசியை நுழைத்து, நூலைப் பற்றி வெளியே இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணிகள் நிற்கும். மறுபடி நூலைப் பற்றி அவற்றுள் இரண்டினூடாக இழுக்க, இரண்டு எஞ்சும். இன்னொருமுறை பற்றி அவ்விரண்டினூடாகவும் இழுக்க, ஒன்றே மிஞ்சும். மூன்று, இரண்டு, ஒன்று என்று வாயால் எண்ணிக்கொண்டு பின்னுவது தொடக்கத்தில் உதவும். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கின்றது. பிரித்தானிய வழக்கில் 'ட்ரெபிள்' எனப்படும் இதே கண்ணியை அமெரிக்கர் 'டபிள் குறோசே' என்பர். பிரித்தானியர் 'டபிள் குறோசே' என்று சொல்வதோ வேறொரு குட்டைக் கண்ணி. இலங்கைப் பாடசாலைகளில் வழங்கிவந்தது பிரித்தானிய வழக்கு. இக்காலத்தில் இணையத்திலிருந்து குறிப்புகளை எடுப்போர், எந்த நாட்டுச் சொற்களில் அவை எழுதப்பட்டுள்ளன என்பதைப் பாராமற் பின்னத் தொடங்கினால், வேலை பாதி உயரத்தில் நிற்கும்; காரணமும் புரியாது.

இனிச் சதுரம். நான்கு சங்கிலிக் கண்ணிகள் இட்டு, ஊசியை முதற் கண்ணிக்குள் நுழைத்து நூலை இரண்டினூடாகவும் இழுத்தால், சங்கிலி வளையமாக மூடிக்கொள்ளும். இப்படி மூடுவது இணைப்புக் கண்ணி. இந்த வளையமே சதுரத்தின் நடு. அதிலிருந்து மூன்று சங்கிலி மேலே ஏறவேண்டும். அம்மூன்றும் சேர்ந்து ஒரு நெடுங்கண்ணியின் உயரத்துக்கு வருவதால், அவை முதல் நெடுங்கண்ணியாகவே எண்ணப்படும். பின்னர் வளையத்தின் துளைக்குள்ளேயே இரண்டு நெடுங்கண்ணிகள். இவை மூன்றும் ஒரு கொத்து. இரண்டு சங்கிலி, அது ஒரு மூலை. மறுபடி வளையத்துக்குள் மூன்று நெடுங்கண்ணிக் கொத்து, இரண்டு சங்கிலி. நான்கு கொத்தும் நான்கு மூலையும் ஆனதும், தொடக்கத்தில் ஏறிய மூன்று சங்கிலியின் உச்சியில் இணைப்புக் கண்ணியிட்டுச் சுற்றை மூடவேண்டும். கையிலிருப்பது சதுரம் போலத் தோன்றாது. நான்கிதழ்ப் பூப்போல இருக்கும். அதனைக் கண்டு கலங்கவேண்டியதில்லை.

இரண்டாஞ் சுற்றை வேறு நிறத்தில் தொடங்க விரும்புவோர் பழைய நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணியூடாக இழுத்து முடித்துவிட்டு, எந்த மூலையிலேனும் புதிய நூலைக் கட்டலாம். அதே நிறத்திற் செல்வோர் இணைப்புக் கண்ணிகளால் நகர்ந்து மூலையை அடைவர். இப்போது விதி வருகின்றது. மூலை ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து, இரண்டு சங்கிலி, அதே மூலையில் இன்னொரு கொத்து. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போகும்போது ஒரு சங்கிலி. மூன்றாஞ் சுற்றில், பக்கங்களின் நடுவே சென்ற சுற்றின் அந்த ஒற்றைச் சங்கிலி ஓர் இடைவெளியாக நிற்கும். அதற்குள் ஒரு கொத்து மட்டும். மூலைக்கு இரண்டு கொத்து, பக்க இடைவெளிக்கு ஒரு கொத்து, பக்கங்களிற் கொத்துக்கும் கொத்துக்கும் இடையே ஒரு சங்கிலி. இதற்குமேல் எத்தனை சுற்றுப் போனாலும் புதிதாக அறியவேண்டியது எதுவுமில்லை.

இந்தப் பின்னல் தொடங்குவோருக்கு எளிதாயிருப்பதன் காரணமும் இதிலேயே தெரிகின்றது. பிற பின்னல்களில் ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு சிறு இழைகளைத் தேடி ஊசியை நுழைக்கவேண்டும். கண்ணி ஒன்று தவறினாற் கணக்கே தவறிவிடும். பாட்டிச் சதுரத்தில் ஊசி நுழைவது கண்ணிக்குள்ளன்று, இடைவெளிக்குள். இடைவெளியோ விரல் நுனியே கண்டுபிடிக்கக்கூடிய அளவு பெரியது. கண்பார்வை மங்கிய மூதாட்டியரும் மாலை இருட்டில் இதனைப் பின்னிக்கொண்டே பேச்சிற் கலந்துகொள்ள முடிவதற்கு இதுவே காரணம்.

எண்ணிப் பார்க்க விரும்புவோருக்கு இச்சதுரம் ஒரு நல்ல கணிதப் பாடமுமாகும். முதற் சுற்றிற் கொத்துகள் 4, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12, நான்காவதில் 16. கொத்துக்கு மூன்றாக நெடுங்கண்ணிகள் 12, 24, 36, 48 என்று வளர்கின்றன. சுற்றுக்குச் சுற்று 12 கூடுகின்றது. நெடுங்கண்ணியால் ஒரு வட்டத் தட்டைப் பின்னும்போதும் வழக்கமாகச் சுற்றுக்கு 12 கண்ணிகளே கூட்டப்படுகின்றன என்பது வியப்பூட்டும். கூடும் தொகை இரண்டிலும் ஒன்றே. அதனைச் சுற்றெங்கும் சமமாகப் பரப்பினால் வட்டம். நான்கிடங்களிற் குவித்தாற் சதுரம். ஒரு மூலையில் இரண்டாங் கொத்தை மறந்தால், துணி அந்தப் பக்கம் குழிந்து கிண்ணம் போலாகும். தேவைக்கு மேற் கொத்திட்டால் விளிம்பு கொசுவம் போல நெளியும். துணியே பிழையைச் சொல்லிவிடுவதால் ஆசிரியர் பக்கத்தில் இருக்கவேண்டுவதில்லை.

அந்த நெளிவையும் ஒருவர் பயன்படுத்திக்கொண்டார். லத்வியா நாட்டிற் பிறந்து அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பித்த டைனா டைமினா, யூக்ளிட்டின் விதிக்கு அடங்காத ஒருவகை வளைபரப்பை மாணவருக்குக் காட்ட வழிதேடினார். தாளிற் செய்த உருக்கள் கிழிந்துபோயின. 1997இல் அவர் குறோசே ஊசியை எடுத்து, கண்ணிகளை ஒரே விகிதத்திற் கூட்டிக்கொண்டே போனார். பவளப்பாறையின் மடிப்புகள் போல நெளிந்த அந்தப் பின்னலிலே, வளைபரப்பின்மேல் இணைகோடுகள் எவ்வாறு விலகிச் செல்கின்றன என்பதை மாணவர் கையால் தொட்டறிந்தனர். பாட்டிமார் பிழையென்று பிரித்தெறிந்தது பல்கலைக்கழகத்திற் பாடப்பொருளாயிற்று.

சிறு சிறு உறுப்புகளைத் தனித்தனியே பின்னிப் பின்னர் ஒன்றாக்கும் முறை எங்கே வலுப்பெற்றது என்று பார்த்தால், அங்கே பசியின் முகம் தெரிகின்றது. அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் பற்றியது. அதை நம்பியே உயிர்வாழ்ந்த ஏழைக் குடியானவர் நிலை சொல்லுந் தரமன்று. சில ஆண்டுகளுள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறி நாட்டைவிட்டகன்றனர். கோர்க் பகுதியிலே கன்னியர் மடத்துச் சகோதரிகள் பெண்களுக்கும் சிறுமியருக்கும் குறோசே கற்பித்தனர். வடபுறத்திற் குளோன்ஸ் என்னும் ஊரில், 1847இல், அவ்வூர்க் குருவானவரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் இந்தக் கைத்தொழிலைத் தொடக்கிவைத்தார். ரோசா மலர், இலை, திராட்சைக் குலை என்று தனித்தனி உருக்கள் மெல்லிய நூலிற் பின்னப்பட்டன. ஒரு குடிசையில் மலர் மட்டும். இன்னொரு குடிசையில் இலை மட்டும். பின்னர் வேறு கைகள் அவற்றை வலைப்பின்னலாற் பொருத்திச் செல்வர்களின் கழுத்துப்பட்டியாகவும் மேலங்கியாகவும் ஆக்கின. குடிசைக்குள் முழு மேலங்கி ஒன்றை விரித்துவைத்துப் பின்ன இடமிருந்திராது. புகையும் ஈரமும் அதனைக் கெடுத்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மலரையோ அடுப்பங்கரையிலும் பின்னலாம். அந்த மலர்கள் பல வீடுகளில் உலை ஏற்றின.

பாட்டிச் சதுரத்தின் பிறப்பிடம் அயர்லாந்தன்று. ஆனால் அதன் பின்னணியிலும் வறுமையின் சகோதரியாகிய சிக்கனம் நிற்கின்றது. அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய அச்சுக் குறிப்பு, அமெரிக்காவில் விவசாயக் குடும்பங்களுக்காக வெளிவந்த 'பிரெயரி ஃபார்மர்' என்னும் இதழில் 1885இல் வந்தது. காலுறை பின்னி மிஞ்சிய நூல், பழைய சட்டையைப் பிரித்தெடுத்த நூல் என்றிவற்றைக் கொண்டு போர்வை பின்னுவதற்கு இச்சதுரம் பொருத்தமாயிற்று. ஒரு முழ நூல் இருந்தால் நடுவளையம். மூன்று நான்கு முழம் இருந்தால் அடுத்த சுற்று. 1970களில் மேலைநாட்டு இளம்பெண்கள் இதனை மேற்சட்டையாகவும் கைப்பையாகவும் அணிந்து திரிந்தனர். அதன்பின் பழைமையென்று ஒதுக்கப்பட்டது. மீண்டும் அண்மை ஆண்டுகளில் நாகரிகக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்திருக்கின்றது.

பல நிறத் துண்டு நூல்களைச் சேர்க்கும்போது கண்ணை உறுத்தாதிருக்க ஓர் எளிய வழி உண்டு. உள்ளே எந்த நிறமும் வரட்டும். எல்லாச் சதுரங்களின் கடைசிச் சுற்றும் ஒரே நிறமாக இருக்கவேண்டும். மேலைநாட்டுப் பாட்டிமார் கறுப்பையே பெரிதும் கையாண்டனர். கறுப்பு விளிம்பினுள் எந்த நிறமும் கோயில் வாசலிற் பூக்கடை போலப் பொலியும், அழுக்கும் தெரியாது. வெள்ளை விளிம்பு குழந்தைப் போர்வைக்கு அழகு. ஆனால் அடிக்கடி துவைக்க மனமுள்ளவருக்கே அது தகும். விளிம்பு நிறத்தை எவ்வளவு வாங்குவது என்பதிலே பலரும் ஏமாறுகின்றனர். நான்கு சுற்றுச் சதுரமொன்றில் மொத்தம் 120 நெடுங்கண்ணிகள். அவற்றுள் 48 கடைசிச் சுற்றுக்குரியவை. அஃதாவது, நூலில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை விளிம்பே விழுங்குகின்றது. சதுரங்களைப் பொருத்தவும் அதே நூல் வேண்டும். அதனை ஒரே தடவையில் வாங்கிவைத்தல் அவசியம். அடுத்த மாதம் வாங்கும் நூல், பெயரளவில் அதே நிறமாயினும், வேறு சாயத்தொட்டியிற் தோய்ந்ததாக இருந்தால் வெயிலில் வேறுபாடு தெரியும்.

தொங்கும் நூல் முனைகளைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசுவோர் எவருமிலர். சுற்றுக்கொரு நிறம் என்றால் சதுரத்துக்கு எட்டு முனைகள். மொட்டை முனையுள்ள தடித்த ஊசியிற் கோத்து, ஒவ்வொரு முனையையும் அதே நிறக் கொத்துகளின் பின்புறமாக ஒரு திசையிற் செலுத்தி, மறுபடி எதிர்த்திசையில் திருப்பவேண்டும். ஒரே திசையிற் செலுத்தி வெட்டியது முதற் சலவையிலேயே வெளிவந்துவிடும். பின்னர் ஒருநாள் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யலாம் என்று ஒத்திவைத்தவர்களின் சதுரங்கள் அலுமாரியிற் பை நிறையக் கிடக்கின்றன, போர்வையாவதில்லை. ஒரு சதுரம் முடிந்ததும் அதன் முனைகளை மறைத்துவிட்டே அடுத்ததைத் தொடங்குதல் வேண்டும்.

எப்போதும் ஒரே பக்கம் பார்த்துப் பின்னப்படும் சதுரம் சிறிது திருகி நிற்பதுண்டு. நெடுங்கண்ணிகள் ஒரு புறமாகச் சாய்வதே காரணம். சுற்றுக்கொரு முறை வேலையை மறுபக்கம் திருப்பிப் பின்னினால் இக்குறை நீங்கும். சதுரங்களைப் பொருத்துமுன் ஈரத்துணியால் நனைத்து, ஒரு தடித்த அட்டையில் நான்கு மூலைகளையும் துருப்பிடியாத குண்டூசியாற் குத்தி நிழலில் உலரவிட்டால் எல்லாம் ஓரளவுக்கு வரும். பின்னர் அவற்றைப் பாயின்மேல் பரப்பி, ஒரே நிறம் பக்கத்திற் பக்கம் வராமல் இடம் மாற்றிப் பார்க்கவேண்டும். இந்த வேலைக்கு வீட்டிலுள்ள சிறுவர்களும் வலிய வந்து சேர்வர். பொருத்துவதற்கு, இரண்டு சதுரங்களின் நல்ல பக்கங்களை முகத்தோடு முகமாக வைத்து விளிம்புகளைச் சுற்றித் தைப்பதே புதியவருக்கு ஏற்றது. நூலை இறுக்கி இழுத்தாற் போர்வை முழுவதும் சுருங்கும்.

முதல் முயற்சியிலேயே போர்வைக்கு ஆசைப்படுவது அறிவுடைமையன்று. ஒரு சதுரம் கோப்பைக்கு அடியில் வைக்கும் விரிப்பாகும். இரண்டைச் சேர்த்து மூன்று பக்கம் தைத்தாற் காசுப்பை. ஒரே சதுரத்தை நிறுத்தாமற் பதினைந்து இருபது சுற்றுவரை வளர்த்துக்கொண்டே போனால், பொருத்தும் வேலையே இல்லாமற் குழந்தையின் போர்வை கிடைத்துவிடும். பலர் சேர்ந்தால் அளவுக்கு எல்லையில்லை. சென்னையிலே 'மதர் இந்தியாஸ் குறோசே குயின்ஸ்' என்னும் பெண்கள் குழுவினர் 2016 சனவரி 31இல், பலர் பலவிடங்களிலிருந்து பின்னியனுப்பிய விரிப்புகளை ஒன்றாக்கி 11,148.5 சதுர மீற்றர் பரப்புள்ள போர்வையை விரித்து, உலகிலே மிகப் பெரிய குறோசேப் போர்வைக்கான கின்னஸ் சாதனையைப் பெற்றனர். ஒருவர் பின்னியதை இன்னொருவர் பின்னியதோடு பொருத்தலாம் என்ற அயர்லாந்துக் குடிசையின் ஏற்பாடே அங்கும் துணைநின்றது.

இந்தக் கைவேலையிற் பெண்களுக்கு இழைக்கப்படும் ஓர் அநீதியைப் பேசாது விடுவதற்கில்லை. சட்டைகளும் காலுறைகளும் ஊசிப் பின்னலால் ஆகின்றன; வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589இலேயே அதற்கோர் இயந்திரம் கண்டார். குறோசேக்கோ அத்தகைய இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்றுவரை இல்லை. ஆய்வுகூடங்களிற் சில முயற்சிகள் நடந்துள்ளன. குறோசே இயந்திரம் என்ற பெயரில் விற்கப்படுவன உண்மையில் வேறுவகைப் பின்னலையே தருகின்றன. ஆகவே, கடையில் மலிவு விலையில் தொங்கும் பாட்டிச் சதுரச் சட்டையும் எங்கோ ஒரு பெண்ணின் கையால் ஆனதே. அந்த விலையிற் கடைக்காரர், இறக்குமதியாளர், நூல் விற்றவர் எல்லாரும் தத்தம் பங்கை எடுத்தபின் அவளுக்கு எஞ்சியது என்ன என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

உள்ளூரிலும் நிலை வேறன்று. நான்கு சுற்றுச் சதுரம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் அகலம் என்று கொண்டால், 120 சென்ரிமீற்றர் அகலமும் 180 சென்ரிமீற்றர் நீளமுமான ஒற்றைக் கட்டிற் போர்வைக்கு 216 சதுரங்கள் தேவை. நெடுங்கண்ணிகள் 25,920. மறைக்கவேண்டிய நூல் முனைகள் 1,728. பழகிய கை ஒரு சதுரத்தை 20 நிமிடத்தில் முடிக்கும் என்று வைத்தாலும், பின்னுவதற்கு மட்டும் 72 மணித்தியாலம். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் முழுதாக ஒன்பது நாள் வேலை. முனை மறைத்தலும் பொருத்துதலும் இதற்குப் புறம்பு. அத்தகைய போர்வையைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "நூலுக்கு எவ்வளவு முடிந்தது?" என்று மட்டும் கேட்டு அதன்மேற் சிறிது வைத்துக் கொடுக்க முன்வருவோர் பலர். ஒன்பது நாள் மேசன் வேலை செய்தவரிடம் சீமெந்தின் விலையை மட்டும் கேட்டுக் கணக்குத் தீர்ப்பவர் உண்டோ? வீட்டிலிருந்து பின்னி விற்கும் பெண்கள் ஒரு கொப்பியில் நாளும் நேரமும் குறித்துவருதல் நன்று. விலை பேசும்போது அந்தக் கொப்பியை விரித்துக் காட்டலாம். வாங்குபவருக்கும் அது புதிய செய்தியாக இருக்கும்.

இவ்வளவு உழைப்பால் ஆன போர்வை எளிதில் வீணாவதுமில்லை. எலி கடித்தோ நெருப்புப்பொறி பட்டோ ஒரு சதுரம் கெட்டுப்போனால், அதன் நான்கு பக்கத் தையலையும் பிரித்து எடுத்துவிட்டு, அதே அளவிற் புதிய சதுரமொன்றைப் பின்னி அவ்விடத்திற் பொருத்தலாம். அதற்காக விளிம்பு நிற நூலிற் சிறிது மீதி வைத்திருப்பது வழக்கம். பிரித்தெடுத்த சதுரத்தில் கெடாத சுற்றுகளின் நூலைச் சுருள் பிரித்து, வெந்நீரின் ஆவியிற் காட்டி நேராக்கி, ஒரு சிறு பந்தாகச் சுற்றிவைத்தால், ஊசி பிடிக்கத் தொடங்கும் அடுத்த சிறுமியின் முதற் சங்கிலிக்கு அது போதும்.